ஐப்பசி ஈரத்துக்கு எந்த டிரையர்?

கிளியனூரில் திண்டிவனம்–புதுச்சேரி சாலையை ஒட்டிச் சிறியதாக ஒரு லாண்டரி நடத்துகிறேன். கெஸ்ட் ஹவுஸ் பெட்ஷீட்டும் டவலும்தான் அதிகம் வரும். டிரையர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கேஸா, கரன்ட்டா?" வீட்டுக்கு ஒரு பதில், கடைக்கு ஒரு பதில்.

துணி காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாவது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். மரக்காணம் உப்பளங்களில் இந்த வேலையை வெயிலும் காற்றும் காசில்லாமல் செய்கின்றன. ஐப்பசி மழை பிடித்ததும் அங்கே வேலை நிற்கும். குவித்த உப்பை மூடிவிடுவார்கள். எங்கள் கொடியிலும் அப்போதுதான் துணி காயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே கசியும். தடித்த டவல் எப்படிக் காயும்? நடுப்பகுதி காய்ந்ததுபோல் இருக்கும். இரட்டைத் தையல் போட்ட ஓர மடிப்பை விரலால் நசுக்கினால் சில்லென்று இருக்கும். அப்படியே மடித்து வைத்தால் மறுநாள் முடை நாற்றம். டிரையர் தேவைப்படுவது அந்த நாட்களுக்குத்தான்.

முதலில் வீடு. 5 கிலோ பருத்தித் துணி, ஸ்பின் செய்த பிறகும் இரண்டரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காயில் சூடேறும் சாதாரண மின் டிரையர் அதை உலர்த்த 2 முதல் 3 யூனிட் இழுக்கும். ஹீட் பம்ப் டிரையரில் ஃபிரிட்ஜில் இருப்பதுபோல் கம்ப்ரஸர் உண்டு. அது ஈரக்காற்றைக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரிக்கும். அப்போது கிடைக்கும் சூட்டையே திரும்பத் துணிக்குக் கொடுக்கும். ஏறக்குறைய பாதி மின்சாரம் போதும். விலை அதிகம், நேரமும் கூடுதல்; ஆனால் சூடு மிதமாக இருப்பதால் துணி சீக்கிரம் நைந்துபோகாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டின் விலையும் ஏறிவிடும். ஏசி ஓடும் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் குழாய் எரிவாயு உள்ள வீடுகளிலும், ஜப்பானிலும் கேஸ் டிரையர் உண்டு. நம் ஊர்க் கடைகளில் வீட்டுக்கான கேஸ் டிரையர் கண்ணில் படுவதில்லை. சமையல் சிலிண்டரில் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு ஹீட் பம்ப்தான் என் பதில்.

கடைக்கு நான் கேஸ் எடுத்தேன். வணிக மின் டிரையரில் சூடேற்றும் பாகம் மட்டுமே 10 கிலோவாட்டைத் தாண்டுவதுண்டு. அதற்கு த்ரீ ஃபேஸும் கூடுதல் லோடும் வேண்டும். கேஸ் டிரையரில் டிரம்மையும் ஃபேனையும் சுழற்ற மட்டும்தான் கரன்ட். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. கரன்ட் இல்லாத அந்த நேரத்தில் சின்ன ஜெனரேட்டரை வைத்தே டிரையரை ஓட்டினேன்.

செலவைப் பார்க்க ஒரு சுருக்குவழி உண்டு. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை 240-ஆல் வகுங்கள். கிடைப்பது கேஸில் ஒரு யூனிட் சூட்டின் விலை. அதை உங்கள் கரன்ட் பில்லின் யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர் விலை மாறும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போடுங்கள்.

கேஸ் எடுத்தால் அலட்சியம் கூடாது. எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு மணமில்லை, ஆளையே கொல்லும். புகைக்குழாய் கட்டாயம் வெளியே போக வேண்டும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே சுவரின் அடியிலும் காற்றுவழி வேண்டும். எந்த டிரையரானாலும் வடிகட்டியில் சேரும் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள்; அது சட்டென்று தீப்பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தைப் பாருங்கள். தண்ணீரைச் சுழற்றிப் பிழிய ஆகும் செலவு, சூடேற்றி விரட்டும் செலவில் சிறு பங்குதான். நன்றாகப் பிழியும் மெஷினுக்கு முதலில் பணம் போடுங்கள், டிரையர் அடுத்து. தை பிறந்து வெயில் வந்ததும் டிரையரை நிறுத்திக் கொடியைக் கட்டுங்கள். எங்கள் கடையில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.