ஒற்றைக் கேம் வில்லும் புதிய வில்லும்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து கல்லாங் அதிக தூரமில்லை. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் வில்வித்தை, அங்கே கிரிக்கெட் திடலில்தான் நடந்தது. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லும் அதில் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அது முதன்முறையாக ஒலிம்பிக்கிலும் நுழைகிறது.

இந்த வில்லுக்கு 1969இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹோலஸ் ஆலன். நாணை இழுக்கும்போது கை கடுக்கும். முழுக்க இழுத்துவிட்டாலோ, பாரத்தில் பெரும்பங்கைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும். நிதானமாகக் குறிபார்க்கலாம்.

1990களில் பரவியது ஒற்றைக் கேம் வில். கீழே கேம் எனப்படும் முட்டை வடிவச் சக்கரம் ஒன்று, மேலே வெறும் உருளை. இரண்டு கேம் வைத்த வில்லைப் போல, அவை ஒத்துச் சுழல்கின்றனவா என்ற கவலையே இல்லை. ஆனால் நாண் மிக நீளம். நாள்பட அது தொய்ந்தால் குறி பிசகும். இழுக்கும் நீளத்தை மாற்றவோ, பல வில்களில் சக்கரத்தையே கழற்ற வேண்டும். கடைக்காரர் கைக்குத்தான் போகும்.

இப்போது வரும் வில்கள் பலவற்றில் திருகாணியைத் தளர்த்தி ஒரு சிறு தகட்டை நகர்த்தினால் போதும். வளரும் பிள்ளைக்குக் கை நீள நீள இழுக்கும் நீளத்தையும் கூட்டலாம். செலவு மிச்சம்!

உயரம் நிலைத்துவிட்ட பெரியவருக்குப் பழைய வில் இன்றும் மோசமில்லை. நாண் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஒன்று, வாங்கும் ஆசையில் அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்காதீர்கள். வில் உடைந்துவிடலாம்.