ஔகாரமும் ளகரமும்

தமிழ் நெடுங்கணக்கின் பன்னீருயிருள் இறுதியில் நிற்பது ஔகாரம். அதனை எழுதுங்கால் ஒகரத்தின் பக்கத்தே ளகரம் போன்றதொரு குறி வரும். ‘போன்ற’ என்பதே கருதத்தக்கது. அக்குறி ளகரம் அன்று. தனியே ஒலிக்கப்படாத ஓர் உறுப்பு. ஏட்டில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாட்டால் இடரில்லை. படிப்பவர் சொல்லை நோக்கி ஒலித்துக்கொள்வர். கணினிக்கோ வடிவம் தெரியாது; எண் ஒன்றே தெரியும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை 1991 இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. பதின்ம எண்ணிற் கூறின் ஔகாரத்துக்குரியது 2964. ஒகரம் 2962, ளகரம் 2995. பக்கத்துக் குறிக்கும் 3031 என்னும் தனியெண் உண்டு. 2962ஐ அடுத்து 3031 வரின், அவ்விரண்டும் சேர்ந்து 2964க்கு நிகர் என்பது விதி. 2962ஐ அடுத்து 2995 வரினோ, அது ‘ஒள’ என்னும் ஈரெழுத்தே. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இப்பிழை தட்டச்சுப் பொறியின் வழி வந்தது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கவேண்டியிருந்தமையால் ளகர விசையே இரு வேலையும் பார்த்தது. தாளில் வடிவம் விழுந்தாற் போதுமென்ற காலம் அது. அப்பழக்கம் கணினிக்கும் தொடர்ந்தது.

அதனால் நேரும் இழப்பைக் கெடா மாநிலத்தில் வைத்துக் காணலாம். சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல அழிந்து வீடுகளாயின. தோட்டத்து மக்களின் பெயர்கள் அடையாள அட்டையில் ரோமன் எழுத்திலேயே உள்ளன. கௌரி, சௌந்தரம், கௌசல்யா என்னும் பெயர்களின் தமிழ் வடிவத்தை அறியப் பள்ளி மலர், கோயில் அழைப்பிதழ், இரங்கற் செய்தி ஆகியவற்றையே நாடவேண்டும். அவற்றைக் கணினியில் ஏற்றுங்கால் கௌரியைக் ககர எகரமும் ளகரமுமாகப் பதிந்துவிட்டால், பின்னாளில் பாட்டியின் பெயரைத் தேடும் பேரனுக்கு அது அகப்படாது. அகரவரிசையில் கோகாரத்தின் பின் நிற்கவேண்டியவள் ‘கெடா’ நிற்கும் வரிசைக்குப் போய்விடுவாள்!

ஆத்திசூடி பயிற்றும் ஆசிரியர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. ‘ஔவை’ சரி, போலி வகையால் ‘அவ்வை’யும் சரி, ‘ஒளவை’ எவ்விலக்கணத்துக்கும் பொருந்தாது. ‘ஔவை’ நேர்நேர், தேமா. ளகரம் இட்டுப் பதிந்தால், யாப்பை அலகிடும் கணினி ஒகரத்தையும் ளகரத்தையும் குறிலிணையாகக் கொண்டு, நிரைநேர், புளிமா என்று கூறும். கணினியைக் குறை சொல்வதற்கில்லை.

சரியாக இடுவது எளிது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 இல் உருவாக்கிய முரசு அஞ்சலில், ரோமன் ‘ஏ’, ‘யூ’ விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் ஔகாரம் வரும். முன்னே ‘கே’ சேர்ப்பின் ‘கௌ’. தமிழக அரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 அமைப்பில் ‘இசட்’ விசையே ஔகாரம். ககரத்துக்குரிய ‘எச்’ விசையின்பின் அதனைத் தட்ட ‘கௌ’ வரும். ஐயமுற்றால், ஔகாரத்தின்பின் நின்று அழிப்பு விசையை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். எழுத்து முழுதும் மறைந்தால் சரி. ஒகரம் எஞ்சினால் பிழை. ‘கௌ’ ஆயின், பெரும்பாலான மென்பொருள்களில் ககரம் மட்டும் எஞ்சுவது சரி. ‘கெ’ எஞ்சுவது பிழை.

பழைய கோப்புகளை ஒரே ஆணையால் திருத்த முயல்வது ஆபத்து. ஒளி, வெளி, தெளிவு, கெளிறு முதலிய சொற்களில் ளகரம் உண்மை ளகரமே. அவையும் சேர்ந்து சிதையும். சொல் சொல்லாகவே மாற்றவேண்டும். கௌவை, வௌவால் போலத் தமிழில் ஔகாரம் பயிலும் சொற்கள் சிலவே. மௌனம், பௌர்ணமி, கௌரவம் முதலிய வடசொற்களையும், ஊர்ப் பெயரேட்டில் உள்ள ஆட்பெயர்களையும் கூட்டினாலும் பட்டியல் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும்.