வீழ்ந்த வாயில்

'வாயில்' என்னும் சொல்லை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். இல்லத்தின் வாய், அதாவது 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. உள்ளே இருப்பது எத்தகையது என்பதை வருவோர்க்கு முதலில் அறிவிப்பது வாயிலே. அவ்வாயிலை இழந்து நிற்கும் பெருங்கோயில் ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய தலைநகர். 1014 முதல் 1044 வரை ஆண்ட அம்மன்னன் அங்கே எடுப்பித்த சிவன் கோயில், ஒன்பது நிலை விமானத்தோடு இன்றும் ஓங்கி நிற்கிறது. ஆனால் அதன் கிழக்கு வாயிலில் கோபுரம் இல்லை. சிதைந்த அடிப்பகுதியே எஞ்சியுள்ளது.

அக்கோபுரம் எவ்வாறு இருந்திருக்கும்? இதற்கு விடை காண நாம் தஞ்சைக்குச் செல்ல வேண்டும். இராசேந்திரனின் தந்தை இராசராசன் கட்டிய பெரிய கோயிலில் இரு வாயில்கள் உள்ளன. வெளிவாயில் 'கேரளாந்தகன்', ஐந்து நிலைகளை உடையது. உள்வாயில் 'இராசராசன்', மூன்று நிலைகளை உடையது. இவற்றின் கீழ்ப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். கல் எடையைத் தாங்கும். செங்கல் மேலே பளுவைக் குறைக்கும். உள்வாயிலின் இருபுறமும் ஒரே கல்லில் செதுக்கிய மாபெரும் வாயிற்காவலர் நிற்கின்றனர். அவர்களது உருவத்தைக் கண்டு வியக்கும் நாம், அவர்கள் காக்கும் இறைவன் எத்துணைப் பெரியவன் என்று எண்ணுகிறோம். சிற்பியின் நோக்கமும் அதுவே.

மற்றொன்றையும் கவனியுங்கள். பிற்காலத்துக் கோயில்களாகிய மதுரையிலும் திருவரங்கத்திலும் கோபுரமே வானளாவும். கருவறை விமானம் தாழ்ந்திருக்கும். சோழர் முறை வேறு. அங்கே வாயில் அடக்கமானது, விமானமே உயர்ந்தது. வாயிலைக் கடந்து உள்ளே வருபவன் கண்கள் தாமே மேல்நோக்கி எழும். ஆகவே வாயில் இல்லாத கோயிலில் அந்த வரிசைமுறையின் முதற்படி இல்லாமற் போகிறது.

அந்தப் படி எங்கே போயிற்று? 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கல் வேண்டியிருந்தது. கோயிலின் சுற்றுமதிலும் வாயிலும் இடிக்கப்பட்டுக் கற்கள் அணைக்குச் சென்றன. ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர் என்றும், அதற்காகத் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்றும் 1855ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று வருந்திக் கூறுகிறது.

அணை பயனற்றது என்று எவரும் சொல்லார். அதன் நீர் இன்றும் வயல்களை விளைவிக்கிறது. வீராணம் ஏரியை நிரப்புகிறது. நீரின் அருமையை இராசேந்திரனும் அறிந்தவனே. கங்கை வெற்றிக்கு அடையாளமாக, நீராலான வெற்றித்தூண் என்று செப்பேடு புகழும் சோழகங்கம் என்னும் ஏரியை அவன் வெட்டினான். அவன் ஏரியும் வெட்டினான், கோயிலும் கட்டினான். ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை. இதுவே நாம் எண்ண வேண்டிய வேறுபாடு.

2004ஆம் ஆண்டில் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. நீங்கள் அங்கே செல்லும்போது விமானத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். கிழக்கே சென்று, எஞ்சியிருக்கும் அந்த அடித்தளத்தின் அருகில் சிறிது நேரம் நில்லுங்கள். தஞ்சையின் வாயில்களை நினைவில் நிறுத்தி, இல்லாத கோபுரத்தை மனக்கண்ணால் எழுப்பிப் பாருங்கள். இருப்பதைக் காக்க வேண்டும் என்னும் உறுதி, இழந்ததை அறிந்தவர்க்கே எளிதில் பிறக்கும்.