இலவச மென்பொருளைக் கடைக்குப் பயன்படுத்தலாமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1801இல் தொடங்கப்பட்ட பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கிறது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. நகைக்கடைகளும் நாணய மாற்றுக் கடைகளும் நிறைந்த இந்தச் சாலையில் ஒரு கடைக்குத் தீபாவளி விளம்பரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் உறவினரான படிவம் 5 மாணவி, தம் மடிக்கணினியிலுள்ள மாணவர் பதிப்பு மென்பொருளில் அதைத் தயாரிக்கிறார். எழுத்துரு, 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்' என்ற குறிப்போடு இணையத்தில் கிடைத்தது. இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

உண்டு. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மென்பொருள் நமக்குச் சொந்தமாவதில்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே கிடைக்கிறது. அந்த அனுமதியே உரிமம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்துப் பாதுகாக்கிறது.

பணம் வாங்கினால்தான் வணிகமா?

மாணவி ஒரு காசும் வாங்கவில்லை என்றால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. படம், இசை போன்றவற்றுக்குப் பயன்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பாருங்கள். வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடு வணிகப் பயன்பாடு என்பதே அவற்றின் விளக்கம். விளம்பரத்தின் நோக்கம் கடைக்கு ஆள் சேர்ப்பது. செய்தவர் மாணவி என்பதால் அந்த நோக்கம் மாறிவிடாது.

உரிமங்கள் பலவிதம்

மைக்ரோசாஃப்டின் 'ஆஃபிஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்' பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதே நிறுவனத்தின் 'விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி' மூலம் தனிநபர் ஒருவர் செயலி எழுதி விற்கலாம். பெரிய நிறுவனங்களுக்குத்தான் கட்டுப்பாடு. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2024இல் தன் 'ரைடர்', 'வெப்ஸ்டார்ம்' மென்பொருள்களை வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. அவற்றைக் கொண்டு சம்பாதிக்கத் தொடங்கினால் கட்டண உரிமம் வாங்க வேண்டும்.

திறமூல மென்பொருள்களில் இந்தப் பாகுபாடே இல்லை. முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான பிளெண்டரின் நிரலை, 2002இல் பொதுமக்கள் ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரட்டி விடுவித்தனர். அதில் உருவான 'ஃபுளோ' திரைப்படம் 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது. லிப்ரே ஆஃபிஸ், இங்க்ஸ்கேப் ஆகியவற்றையும் கடை வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவும் அப்படியே. எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, நிறுவும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த வேலையால் யாருக்கு ஆதாயம்?
2. எத்தனை பேர், எத்தனை கணினிகளில் பயன்படுத்தப் போகிறார்கள்?
3. ஆண்டு முழுவதும் தேவையா, ஒரு மாதம் போதுமா?
4. பள்ளி முடிந்ததும் மாணவர் உரிமம் காலாவதியாகுமா?
5. எழுத்துரு, படம், இசை ஆகியவற்றின் உரிமங்களைத் தனித்தனியாகப் பார்த்தோமா?

ஆண்டுக்கு இரண்டு விளம்பரம் போடும் கடைக்குத் திறமூல மென்பொருளே போதும். நாள்தோறும் வடிவமைக்கும் அச்சகத்துக்கு, உதவிச் சேவையுடன் கூடிய கட்டணத் திட்டம் பொருந்தலாம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துமுன், உரிமத்தில் 'வணிகம்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் படியுங்கள். பெரும்பாலான ஐயங்களுக்கு அங்கேயே விடை இருக்கும்.