முற்றுகைக்குள் ஒரு சிம்பொனி

சிம்பொனி இசை என்றதும் கோட்டு அணிந்த கனவான்கள், அலங்கார விளக்குகள், விலை கூடிய ஆசனங்கள் என்றுதான் எம்மில் பலருக்கு நினைவு வரும். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தொலைக்காட்சி அலைவரிசையை மாற்றி விடுவோம். ஆனால் பட்டினியால் நடக்கவும் முடியாதிருந்த ஒரு நகரத்து மக்கள் இத்தகைய இசை நிகழ்ச்சி ஒன்றுக்காக டிக்கட் வாங்கி மண்டபத்தை நிறைத்திருக்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். அந்தக் கதையைத்தான் இம்முறை சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம், இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் என்று அழைக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 செப்டெம்பர் 8ஆம் திகதி ஜேர்மன் படைகள் நகருக்கான தரைப்பாதைகளை முற்றாக மூடின. முற்றுகை முடிவுக்கு வந்தது 1944 ஜனவரி 27இல்தான். ஏறத்தாழ 900 நாட்கள்! ஷெல் வீச்சிலும் குண்டு வீச்சிலும் இறந்தவர்களைவிடப் பசியாலும் குளிராலும் இறந்தவர்களே பன்மடங்கு அதிகம்.

1941 நவம்பர் பிற்பகுதியில் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பாணும், ஏனையோருக்கு 125 கிராம் பாணும் வழங்கப்பட்டன. அந்தப் பாணிலும் மாவுடன் வேறு பொருட்கள் கலந்திருந்தன. பங்கீட்டு அட்டையில் இல்லத்தரசிகள் "தங்கி வாழ்வோர்" என்ற பிரிவில் சேர்க்கப்பட்டனர். உறைந்த ஆற்றில் துளையிட்டுத் தண்ணீர் அள்ளியவள், விடியுமுன் வரிசையில் நின்று பாண் வாங்கியவள், பிள்ளையின் சடலத்தைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துச் சென்றவள், இவர்களெல்லாம் அரசாங்கக் கணக்கில் தங்கி வாழ்வோர்! நிவாரண அட்டையில் தமது பெயர் எந்த நிரலில் எழுதப்படுகிறது என்று பார்த்து நின்றவர்களுக்கு இதைப்பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

இந்த நகரில் இரண்டு பெரிய இசைக்குழுக்கள் இருந்தன. புகழ்பெற்ற பில்ஹார்மோனிக் குழு போரின் தொடக்கத்திலேயே சைபீரியாவுக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்டுவிட்டது. 1931இல் தொடங்கப்பட்ட வானொலி இசைக்குழு மட்டும் நகருக்குள் எஞ்சியது. அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பேர்க். அந்தக் குளிர்காலத்தில் குழுவினர் பலர் இறந்தனர். வானொலியில் இசை நின்றது. நிகழ்ச்சி இல்லாத நேரங்களில் மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் "டக், டக்" ஓசை மட்டும் ஒலிபரப்பாகியது. அது கேட்டால் நகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மக்கள் எண்ணிக்கொண்டார்கள்.

அதே நகரைச் சேர்ந்த இசையமைப்பாளர் திமித்ரி ஷொஸ்தகோவிச் தமது ஏழாவது சிம்பொனியை லெனின்கிராட்டிலிருந்தே எழுதத் தொடங்கினார். பின்னர் வெளியேற்றப்பட்டு, 1941 டிசம்பரில் வேறொரு நகரில் அதனை எழுதி முடித்தார். அதை லெனின்கிராட்டிலேயே இசைக்க வேண்டும் என்று முடிவாகியது. ஆனால் வாசிக்க ஆட்கள் எங்கே? 1942 மார்ச் மாத இறுதியில் முதல் ஒத்திகைக்கு அழைத்தபோது வாசிக்கக்கூடிய நிலையில் வந்தவர்கள் சுமார் 15 பேர். இந்தப் படைப்புக்கோ ஏறத்தாழ நூறு பேர் வேண்டும். மூன்று மணித்தியாலம் நடக்க வேண்டிய ஒத்திகை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வயலின்காரர் எப்படியோ சமாளிக்கலாம். எக்காளமும் குழலும் ஊதுபவருக்கு நெஞ்சில் காற்றும் உதட்டில் பலமும் வேண்டுமே! பசித்தவரால் ஊத முடியவில்லை. சிலர் மயங்கி விழுந்தனர்.

குழுவில் கிசேனியா மத்துஸ் என்ற இளம் பெண் இருந்தார். ஒபோ என்ற குழல் வாத்தியத்தை வாசிப்பவர். பழுதடைந்த தமது குழலைத் திருத்தக் கொண்டு சென்றபோது, திருத்துபவர் கூலியாகப் பூனை ஒன்று கேட்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். சாப்பிடத்தான்! அந்த நாட்களில் நகரில் பூனைகளைக் காண்பதே அரிது.

இசைக்கலைஞர்களுக்கு மேலதிக உணவு வழங்கப்பட்டது. பலர் ஒத்திகைக்கு வந்ததற்கு அந்தச் சூப்பும் ஒரு காரணம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முன்னரங்கிலிருந்து படையினரின் பாண்ட் வாத்தியக்காரர்களும் அழைத்து வரப்பட்டனர். விமானத்தில் வந்து சேர்ந்த இசைக்குறிப்புகளை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கையால் பிரதி எடுத்தார்கள். எலியாஸ்பேர்க் கண்டிப்பானவர். மனைவியை அடக்கம் செய்துவிட்டுத் தாமதமாக வந்தவரைக்கூட அவர் கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். அது எனக்கு மனித நேயமாகப் படவில்லை. ஒத்திகைக் காலத்திலேயே மூவர் இறந்தனர். முழுப் படைப்பையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரேயொரு தடவைதான் ஒத்திகை பார்க்க முடிந்தது, அதுவும் நிகழ்ச்சிக்கு மூன்று நாட்கள் முன்பு.

1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி, பில்ஹார்மோனிக் பெரு மண்டபம். வெள்ளைத் தூண்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. பெண்கள் பெட்டியின் அடியில் கிடந்த நல்ல உடைகளை எடுத்து அணிந்து வந்தார்கள். போருக்கு முன் தைத்தவை அவை, உடம்பில் தொங்கின. கோடை காலமாயிருந்தும் பட்டினியின் குளிரால் வாத்தியக்காரர்கள் உடைக்குமேல் உடை அணிந்திருந்தனர். நிகழ்ச்சி நேரத்தில் எதிரியின் பீரங்கிகள் முழங்கக் கூடாது என்பதற்காகச் சோவியத் படையினர் முன்கூட்டியே சுமார் 3,000 எறிகணைகளை வீசினர். இசை கேட்பதற்காகவும் இத்தனை எறிகணை! யுத்தத்தின் கணக்கு அப்படித்தான்.

இந்தப் படைப்பு சுமார் எண்பது நிமிடம் நீளும். முதற்பகுதி அமைதியான வாழ்க்கையைப்போலத் தொடங்கும். திடீரெனத் தூரத்தில் ஒரு சிறு முரசு, காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கும். அதன்மேல் விளையாட்டுப் பாட்டுப்போல ஒரு மெட்டு. அதே மெட்டு மறுபடி, மறுபடி, பன்னிரண்டு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் வாத்தியங்கள் கூடும், சத்தம் கூடும். கடைசியில் கதிரையே அதிரும். தூரத்தில் கேட்ட ஓசை படிப்படியாகக் கிட்ட வருவது என்னவென்று எம் காதுகளுக்குத் தெரியும். அதனால் இந்த இசைத்தட்டை வீட்டில் கேட்க விரும்பும் சகோதரிகள் தனியாக இருந்து கேட்க வேண்டாம், கூட யாராவது இருக்கட்டும். இந்த ஆரவாரத்துக்குப் பின்னர் பசூன் என்ற மரக்குழல் ஒன்று தனித்து நீண்ட நேரம் புலம்பும். எனக்கு முழுப் படைப்பிலும் பிடித்த இடம் அதுதான். இறுதிப் பகுதியின் வெற்றி முழக்கத்தைவிட இந்தப் புலம்பலே உண்மைக்குக் கிட்டியது என்று நினைக்கிறேன்.

நிகழ்ச்சி வானொலியிலும் தெரு ஒலிபெருக்கிகளிலும் ஒலிபரப்பாகியது. முன்னரங்கில் இருந்த ஜேர்மன் படையினருக்கும் அது கேட்டது. முடிந்ததும் சபையோர் எழுந்து நின்று கைதட்டினர். சிறுமி ஒருத்தி எலியாஸ்பேர்க்கிடம் பூங்கொத்து ஒன்றைக் கொடுத்தாள். பூச்செடி நட்ட இடங்களிலெல்லாம் கோவா நட்டிருந்த நகரம் அது. முற்றுகை நீங்க மேலும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சோவியத் அரசு இந்த நிகழ்ச்சியைப் பெரும் பிரசாரமாகப் பயன்படுத்தியது. அதே அரசு பின்னாளில் 1948இல் ஷொஸ்தகோவிச்சைப் பகிரங்கமாகக் கண்டித்தது. எலியாஸ்பேர்க்கும் போரின் பின் உரிய இடம் கிடைக்காமல் ஒதுங்கி வாழ்ந்தார். வானொலி இசைக்குழு 1953இல் பில்ஹார்மோனிக் நிறுவனத்தின் இரண்டாவது குழுவாக்கப்பட்டது.

1964 ஜனவரி 27இல், முற்றுகை நீங்கி இருபது ஆண்டுகள் நிறைந்தபோது, உயிரோடிருந்த கலைஞர்களை எலியாஸ்பேர்க் மீண்டும் அதே மண்டபத்துக்கு அழைத்தார். அதே சிம்பொனி.