சிறை, காசநோய், காற்று: சில குறிப்புகள்

அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம், எங்கள் தெருவில் ஒரு பையன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். அடிதடி வழக்கொன்றில் ரிமாண்டில் போனான். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். இருமிக்கொண்டே வெளியே வந்தான். சளியைப் பரிசோதித்ததில் டிபி. அவன் அம்மா என்னிடம் சொன்னார்: "உள்ளயே இருமல் இருந்திருக்குண்ணா. பீடி குடிச்சா இப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

இந்த 'பீடி குடிச்சா' என்ற சொல்லாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மருத்துவம் 'ஆபத்துக் காரணிகள்' என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது. புகை, குடி, சர்க்கரை, எச்ஐவி, சத்துக்குறைவு. எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லாமே கைதியின் உடலுக்குள் இருப்பவை. பட்டியலை இதோடு நிறுத்திக்கொண்டால் நோய் அவன் கூடவே கொண்டுவந்த மூட்டையாகிவிடுகிறது. கட்டடம் தப்பித்துக்கொள்கிறது.

பிரேசிலின் மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலத்தில் செய்து 2019இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சிறைக்குள் நுழையும் காலத்தில் காசநோய் லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 111. உள்ளேயே ஐந்து ஆண்டுகள் கழிந்தால் அது 1,300. விடுதலையான பிறகும் சில ஆண்டுகளுக்கு அந்த அளவு உயர்ந்தே இருக்கிறது. மூட்டை உள்ளேதான் கட்டப்படுகிறது.

எப்படி? கிருமி இருமலின் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். வெயிலும் ஓடும் காற்றும் அதற்கு எதிரி. நம் சிறைகளில் மாலையிலேயே எண்ணிப் பூட்டி, விடிந்த பிறகுதான் திறக்கிறார்கள். இரவு முழுக்க ஒரே கொட்டடிக் காற்றை எல்லோரும் மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு கொள்ளளவுக்குக் கீழேதான் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் சராசரிக்குள் யாரும் படுத்துத் தூங்குவதில்லை; கொட்டடியில்தான் தூங்குகிறார்கள்.

இதே நகரத்தில் நடந்த இன்னொன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம். 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த ஆய்வு மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இதைக் கேள்விக்குள்ளாக்கியது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, நெரிசல் அதிகம். ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. கூட வசித்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் நெரிசலால் பாதகமில்லையா என்று கேட்கலாம். அப்படியில்லை. சரியான மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை வேகமாக விழுந்துவிடும். பரவுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னால்தான், இருமல் தொடங்கி நோய் கண்டுபிடிக்கப்படும் வரையிலான நாட்களில். வெளியே அந்த நாட்களை நாம் நடந்து கடக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உள்ளே இருமல் ஒரு மனு. வார்டர் நம்ப வேண்டும், சிறை மருத்துவர் எழுத வேண்டும், வெளி ஆஸ்பத்திரிக்கு என்றால் வழிக்காவல் கிடைக்க வேண்டும். 2019இல் உலகச் சிறைகளில் சுமார் 1,25,000 பேருக்குக் காசநோய் வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் கண்டறியப்பட்டது பாதிக்குச் சற்று மேல்.

ஃபூக்கோ தன் சிறை நூலில் கண்காணிப்பைப் பேசும் அத்தியாயத்தைக் கொள்ளைநோய் கண்ட நகரத்திலிருந்து தொடங்குகிறார். நோயைக் கண்காணிக்கப் பிறந்த உத்தி சிறைக்குள் வந்தது என்பது நாம் அப்போது ரசித்துப் படித்த வாதம். பார்வை, பார்வை என்றே பேசிக்கொண்டிருந்தோம். காற்றைப் பற்றி நானும் எழுதியதில்லை. தலையை நாளுக்கு நாலு முறை எண்ணுகிற இடத்தில் இருமலை எண்ண ஆளில்லை என்பது அந்த வாதத்துக்குள் அடங்கவில்லை.

முயற்சி நடக்கவில்லை என்றில்லை. டிசம்பர் 2024இல் தொடங்கிய நூறு நாள் இயக்கம் சிறைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் முகாம் ஒரு நாள். ரிமாண்ட் தினமும் வருகிறது. ஜாமீன் கிடைத்தால் ஆறு மாத மருந்து நடுவில் அறுந்துபோகிறது. நுழையும்போதே எக்ஸ்ரே, வெளியேறும்போது ஊர் மையத்துக்கு மருந்துச் சீட்டு, ஜன்னலுள்ள கொட்டடி, இவற்றைக் கேட்பது மனித உரிமைக் கோரிக்கையாக நம் துண்டறிக்கைகளில் இன்னும் ஏறவில்லை. ஜாமீன்கூட ஒரு மருந்துதான். ஆளைக் குறைத்தால் காற்று கூடும்.

பையன் மருந்து சாப்பிடுகிறான், எடை கூடியிருக்கிறது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, கூட இருக்கிறவங்க யார் யார் என்று கேட்டு அம்மா, தங்கை பெயர்களை எழுதிக்கொண்டாராம். இவன் பக்கத்தில் படுத்திருந்த ஒன்பது பேரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறான். "வீட்ல இருக்கிறவங்க மட்டும் சொல்லுப்பா" என்றாராம். ஒன்பது பேரில் இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் வேறு ஜெயிலுக்கு மாற்றலானார். மற்றவர்களைப் பற்றி இவனுக்குத் தெரியாது.