நெட்டையும் நொட்டாங்கையும்

உயரமான இடக்கை வீரருடன் பயிற்சியில் மோதும் உயரம் குறைந்த வீரர் முதலில் சரிசெய்ய வேண்டியது கையை அல்ல, காலை.

மைசூர் தசராவின் விஜயதசமி நாளில் அரண்மனை முற்றத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டி சண்டையில் ஒரு வசதி உண்டு. மொட்டைத் தலையுடன் மண்ணில் இறங்கும் ஜெட்டி மல்லர்கள் இருவருமே முள் பதித்த ஆயுதத்தை வலது கையில்தான் மாட்டியிருப்பார்கள். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் தலையில் ரத்தம் துளிர்த்ததும் சண்டை முடிந்துவிடும்.

கையுறை மாட்டிய குத்துச்சண்டையில் அந்த உத்தரவாதம் கிடையாது. எதிரே நிற்பவர் நொட்டாங்கைக்காரராக இருந்தால் பலமான குத்து மறுபக்கத்திலிருந்து வரும். அவர் உயரமானவராகவும் இருந்துவிட்டால், நம் கை அவரை எட்டும் முன்பே அவர் கை நம் முகத்தில் இருக்கும். பயிற்சிக்கூடங்களில் இளம் வீரர்களைத் திணற வைப்பது இந்த ஜோடிப் பொருத்தம்தான்.

திணறலுக்கு முதல் காரணம் பழக்கமின்மை. மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் இடக்கைக்காரர். அதனால் இடக்கை வீரர் பெரும்பாலும் வலக்கை வீரர்களுடனேயே மோதிப் பழகுகிறார். வலக்கை வீரருக்கோ இடக்கை எதிராளி எப்போதாவதுதான் கிடைக்கிறார். ஒருவருக்கு அன்றாடம், மற்றவருக்கு அபூர்வம். கிரிக்கெட்டில் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பேட்ஸ்மேனைத் தடுமாற வைப்பதிலும் இதே கணக்குதான் இருக்கிறது.

காலில் தொடங்கும் சண்டை

வலக்கை வீரர் இடது காலை முன்வைத்து நிற்பார். பலமான வலது கை பின்னால் காத்திருக்கும். இடக்கை வீரர் இதன் கண்ணாடி பிம்பம். எனவே இருவரின் முன்கால்களும் ஒன்றையொன்று பார்த்தபடி, மிதிபடும் தூரத்தில் நிற்கின்றன. முன்கைகளும் அப்படியே மோதிக்கொள்கின்றன. வழக்கமான எதிராளியிடம் எளிதாக நுழையும் ஜாப் எனும் நேர்க்குத்து இங்கே பாதி வழியில் முட்டி நிற்கிறது.

பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தரும் பாடம் இதிலிருந்தே பிறக்கிறது. இடது பாதத்தை எதிராளியின் வலது பாதத்துக்கு வெளிப்பக்கமாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் நம் வலது கை அவரது முகவாய்க்கு நேராக வருகிறது. அவரது ஆபத்தான இடது கையோ விலகிப் போகிறது. நகர்வதும் பெரும்பாலும் நம் இடப்பக்கமாகவே இருக்க வேண்டும். வலப்பக்கம் நகர்ந்தால் அந்த இடது குத்துக்குள் நாமே நடந்து போகிறோம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. இடப்பக்கம் நகரும்போது அவரது வலது கை ஹூக் காத்திருக்கும். அதற்காக இடது தோளை உயர்த்தி, முகவாயைத் தாழ்த்தி நகர வேண்டும். வலது கையுறை கன்னத்தை விட்டு இறங்கவே கூடாது. இடது குத்து வந்து இறங்கும் இடம் அதுதான்.

தாக்குதலைத் தொடங்க வலது நேர்க்குத்து சிறந்த ஆயுதம். இடது கை சும்மா இருப்பதில்லை. அது எதிராளியின் முன்கையைத் தட்டி, அழுத்தி, அவர் பார்வையை மறைத்து வலது கைக்கு வழி திறக்கிறது. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கல்லீரல் உடலின் வலப்பக்கத்தில் உள்ளது. இடக்கை வீரர் முன்னே வைத்து நிற்பதும் வலப்பக்கத்தைத்தான். எனவே நெருங்கியபின் விலாவுக்குக் கீழே இறங்கும் இடது ஹூக் அவரை நிலைகுலைய வைக்கும்.

நடுவில் நிற்காதே

உயரத்தை வெல்வது வேறு வித்தை. நெட்டை வீரரின் கை எட்டும், நம் கை எட்டாது என்ற இடைவெளியில் நிற்பதுதான் மிகப் பெரிய தவறு. ஒன்று முழுக்க வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க உள்ளே போய்விட வேண்டும். உள்ளே போகச் சரியான நேரம் அவரது ஜாப் குறி தவறித் திரும்பும் கணம். தலையை இடப்பக்கம் சாய்த்து அந்தக் குத்தைத் தோளுக்கு மேலே போகவிட்டு, அதே அசைவில் அடியெடுத்து வைக்க வேண்டும்.

முதல் குறி தலையாக இருக்க வேண்டியதில்லை. மேல்நோக்கி நீளும் கைக்கு எட்டும் தூரம் குறைகிறது. மார்பும் வயிறும் அருகில் இருக்கின்றன, வேகமாக ஓடியும் விடாது. அங்கே அடி விழத் தொடங்கினால் தலை தானாகத் தாழும். ஆனால் குனிய வேண்டியது முழங்காலில், இடுப்பில் அல்ல. தரையைப் பார்த்தபடி குனிபவருக்கு அப்பர்கட் காத்திருக்கிறது.

குத்தியபின் நேராகப் பின்வாங்குவதும் கூடாது. நீண்ட கை துரத்தி வரும். பக்கவாட்டில் விலகலாம், அல்லது ஒட்டிக்கொண்டே நிற்கலாம். அவர் ஓடினால் பின்னால் துரத்துவது வீண். குறுக்கே அடிவைத்து, கயிறு வரை வழியை அடைப்பதே புத்திசாலித்தனம்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2021 மே 8 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் மெக்சிகோவின் கனெலோ ஆல்வரெஸ், தன்னைவிட உயரமான, அதுவரை தோல்வியே அறியாத பிரிட்டிஷ் இடக்கை வீரர் பில்லி ஜோ சாண்டர்ஸைச் சந்தித்தார். 8ஆவது சுற்றில் சாண்டர்ஸ் தாழ்ந்த கணத்தில் ஆல்வரெஸின் வலது அப்பர்கட் அவரது கண்குழி எலும்பை உடைத்தது. 9ஆவது சுற்றுக்கு அவர் எழவில்லை. மாறாக, 2024 மே 6 அன்று டோக்கியோவில், தொழில்முறை வாழ்க்கையில் ஒருமுறைகூட விழுந்திராத நவோயா இனோவேயை மெக்சிகோவின் இடக்கை வீரர் லூயிஸ் நெரி முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். இனோவே எழுந்து 6ஆவது சுற்றில் வென்றார். ஆனாலும் உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரையே இடது கை ஏமாற்ற முடியும் என்பது பதிவாகிவிட்டது.

இந்தியக் கணக்கு

இந்தியாவுக்கு இது வெறும் வேடிக்கையல்ல. குத்துச்சண்டையில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2008இல் பீஜிங்கில் உறுதி செய்தபோது, விஜேந்தர் காலிறுதியில் 9-4 என்று வீழ்த்திய ஈகுவடாரின் கார்லோஸ் கொங்கோரா இடக்கை வீரர். மறுபுறம், ஆறு முறை உலக சாம்பியனான மேரி கோமும், 2019 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அமித் பங்காலும் இடக்கைக்காரர்களே. இருவரும் உயரம் குறைந்தவர்கள். 46, 48 கிலோ பிரிவுகளில் பட்டம் வென்ற மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே எடைப்பிரிவுகள் இருந்ததால் 51 கிலோவுக்கு ஏற நேர்ந்தது. தன்னைவிடப் பெரிய உடல்களின் நடுவே நுழைந்து வெண்கலம் வென்றார். 2024 பாரிஸுக்குச் சென்ற ஆறு இந்தியக் குத்துச்சண்டை வீரர், வீராங்கனைகள் பதக்கமின்றித் திரும்பினர். பழகாத பாணிகளை உள்ளூரிலேயே சந்தித்துப் பழகுவது எவ்வளவு அவசியம் என்பதை இத்தகைய முடிவுகள் நினைவூட்டுகின்றன.

அந்தப் பழக்கம் கிடைக்கும் இடம் ஸ்பாரிங் எனும் பயிற்சி மோதல். அது போட்டியல்ல. மோதுவதற்கு முன் வேகத்தையும் பலத்தையும் இருவரும் பேசி முடிவு செய்வது நல்லது. ஒரு சுற்றில் காலடி மட்டும், இன்னொன்றில் வலது நேர்க்குத்து மட்டும் என்று பிரித்துக்கொண்டால் பாடம் மனதில் பதியும். மூன்று சுற்றுகளையும் வெல்லத் துடிப்பவர் எதையும் கற்பதில்லை.

இதில் பணயம் வைக்கப்படுவது மூளை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுத்துவிடாது. தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல், குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மோதலை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். அன்றைக்கே மீண்டும் வளையத்தில் ஏறுவது வீரமல்ல.

பயிற்சிக்கூடத்தில் ஒரு நெட்டை இடக்கைக்காரர் இருந்தால் மற்றவர்கள் அவரைத் தவிர்க்கப் பார்ப்பது இயல்பு. உண்மையில் வாரம் ஒருமுறையாவது அவரெதிரே நிற்பவர்தான் அதிர்ஷ்டசாலி. முதல் மாதம் மூக்கில் வாங்கும் அடிகள், பின்னாளில் ஒரு போட்டியின் முதல் சுற்றில் வாங்காமல் தப்பிக்கும் அடிகளாகக் கணக்கில் சேரும்.